ரெண்டு தட்டு

எனக்கு மூக்கு மேல கோவம். பிள்ளையார்பாளையத்துல எங்க தெருவுல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. "ஆதிகேசவனா? நல்ல தறிக்காரன், ஆனா அவன்கிட்ட வாயைக் குடுக்காத"ன்னுதான் சொல்லுவாங்க. இதை மொதல்ல சொல்லிடுன்னு சொன்னவ என் பொண்டாட்டி சுகாசினி. இது அவளோட கதை. உங்களை மாதிரி எத்தினியோ பேரு வாயைத் தொறக்காமலே இருக்காங்க, பேரை வேணா மாத்திக்கினு நாலு பேருக்குச் சொல்லுங்களேன்னு எங்க டாக்டரம்மா கேட்டாங்க. பேரை எதுக்கு மாத்தணும், நான் இன்னா திருடினேனான்னு கேட்டா சுகாசினி. ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டா, அவளைப் பத்திச் சொல்லணும், என் கோவத்தைப் பத்திப் பெருமை அடிச்சிக்கக் கூடாது. சரின்னு தலையாட்டிட்டேன்.

அவ பொறந்தது வாலாஜாபாத் பக்கம். அவங்கப்பா முனிசாமி ரைஸ் மில்லுல மூட்டை தூக்கினவரு. நாலு பொண்ணுங்கள்ல இவ மூணாவது. பிளஸ் டூ படிச்சா, கணக்குல எண்பத்தேழு மார்க்கு, இன்னைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவா. பல்லின்னா மட்டும் உயிர் போயிடும் அவளுக்கு. பெருமாள் கோயில்ல தங்கப் பல்லியைத் தொட்டா தோஷம் போயிடும்னு ஊரே வரிசையில நிக்குது, இவ அந்தப் பக்கமே வரமாட்டா. தங்கமா இருந்தாலும் பல்லி பல்லிதானேம்பா. வேலை செய்யறப்போ எதையாவது முணுமுணுன்னு பாடிக்கினே இருப்பா, ராகம் சரியா இருக்காது, நமக்கு அது இல்லாம வேலை ஓடாது. எங்கம்மா எதிர்ல என்னை "இன்னாங்க"ன்னு கூப்பிடுவா. தனியா இருந்தா "யோவ்". அந்த யோவுக்காகவே அவளைத் தனியா பாக்கணும்னு அலைவேன்.

இருபத்திரண்டு வயசுல கல்யாணம் ஆகி வந்தப்போ அவளுக்குத் தறி இன்னான்னே தெரியாது. நாங்க நெய்யறது கோர்வைப் புடவை. உடல் ஒரு நெறம், கரை வேற நெறம், ரெண்டையும் இழைக்கு இழை கோத்துக்கினே நெய்யணும். அதுக்கு ரெண்டு பேர் வேணும். உடலுக்கும் ஒரு பக்கக் கரைக்கும் குறுக்கு நூலைக் கொண்டு போற நாடாவை நான் போடுவேன். என் தோளை ஒட்டி உட்காந்து மறு பக்கக் கரைக்கு அவ போடுவா. அவ நாடா தாண்டி வந்தப்புறம்தான் இழையை நெருக்குற பலகையை நான் இழுத்து அடிக்கணும். முந்திக்கினா கோர்வை பிடிக்காது, கரைக்கும் உடலுக்கும் நடுவுல ஓட்டை விழுந்துடும். ஆறே மாசத்துல கத்துக்கினா.

தெருவுல அத்தினி தறியும் ஒண்ணா ஓடும்போது பேசுறது காதுல விழாது. அதனால அவளே ஒரு வழி கண்டுபிடிச்சா. அவ பக்கம் நூல் அறுந்து முடிச்சு போடுறான்னா நான் கையை நிறுத்திடணும். முடிச்சு போட்டு, நாடா தாண்டினதும் என் கை மேல ரெண்டு தட்டு தட்டுவா. ஆச்சு, அடிக்கலாம்னு அர்த்தம். இது எங்க வீட்டு வழக்கம், வேற எங்கயும் நான் பாத்ததில்ல.

வீட்டையும் சொல்லிடுறேன். முன்பக்கம் தறி, பின்பக்கம் அடுப்பு, நடுவுல ஒரு ரூம். ரூமுக்குக் கதவு கிடையாது, பழைய புடவையைத் தொங்க விட்டிருந்தோம். அந்தப் புடவைக்கு அந்தாண்டை எங்கம்மா ரேணுகாம்பாள் படுத்திருப்பாங்க. அவங்களுக்கு முட்டி வலி, தூக்கம் வராது, காது மட்டும் நல்லா கேக்கும். அதனால எங்களுக்குள்ள எது நடந்தாலும் மூச்சு விடாம, அவசரமா நடக்கும். பேச முடியாது. அவளுக்கு ஆச்சா இல்லையான்னு கேக்கவும் எனக்கு வெக்கம். கல்யாணம் ஆன மொத வருஷத்துலயே ஒரு நாள் அவ என் முதுகுல ரெண்டு தட்டு தட்டினா. எனக்குப் புரிஞ்சிடுச்சு. அன்னையிலேர்ந்து ஒவ்வொரு தடவையும் அந்த ரெண்டு தட்டு வரும், நானும் பெரிய சூரன்னு நெனச்சிக்கினு திரும்பிப் படுத்துடுவேன்.

போன ஆவணியில ஒரு முகூர்த்தப் புடவை தறியில ஓடிக்கினு இருந்துச்சு. அரக்கு உடல், பச்சைக் கரை. நாள் நெருங்கிடுச்சு, நான் காலையிலேர்ந்து வள்ளுனு விழுந்துக்கினு இருந்தேன். அவ பக்கம் நூல் ரெண்டு தடவை அறுந்துச்சு. மூணாவது தடவை அறுந்து அவ முடிச்சு போட்டுக்கினு இருக்கும்போதே "இன்னும் இன்னா"ன்னு உறுமினேன். உடனே ரெண்டு தட்டு. நான் அடிச்சிட்டேன். சாயங்காலம் கோர்வையை விரலால தடவிப் பாத்தா மிளகு அளவுக்கு ஓட்டை. நாடா வரவேயில்ல, ஆனா தட்டிட்டா.

வந்துச்சே ஆத்திரம். "வராத நாடாவுக்கு எதுக்குத் தட்டின? எத்தினி நாளா என்னை இப்படி ஏமாத்திக்கினு இருக்கிற?"ன்னு கத்தினேன்.

அவ நாடாவை மடியில வச்சிக்கினு என்னையே பாத்தா. "தறியில இன்னைக்குத்தான் மொத தடவை. நீ கத்தினே, பயந்து தட்டிட்டேன்"னா. அப்பால, "படுக்கையில முதுகுல தட்டினதெல்லாம் பொய்தான். ஒரு நாள் கூட எனக்கு ஆனதில்ல. பதினோரு வருஷமா"ன்னா.

ஆத்திரக்காரனுக்கு புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க. அந்த நேரத்துல நான் கேட்ட கேள்வியை இப்போ நெனச்சாலும் நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருக்குது. மனசுல வேற எவனாவது இருக்கானான்னு கேட்டுட்டேன். நெல்லைக் கொட்டினா அள்ளலாம், சொல்லைக் கொட்டினா அள்ள முடியாது. அவ அழல. எழுந்து போயி அரிசி களைஞ்சா.

அதுக்கப்புறம் ஒம்போது நாள் அவ என்கிட்ட பேசல. சோறு போடுவா, தறியில வந்து உட்காருவா, முடிச்சு போட்டா தட்டுவா. பாட்டு நின்னு போச்சு. மூணாம் நாளு, ஏன் பொய்யா தட்டினேன்னு நான் கேட்டதுக்கு ஒரே ஒரு தடவை பதில் சொன்னா, அதுவும் சுவத்தைப் பாத்துக்கினு. புதுசுல இன்னைக்கு வரும், நாளைக்கு வரும்னு காத்துக்கினு இருந்தாளாம். வேர்த்து விறுவிறுத்து நான் அவ மூஞ்சியைப் பாப்பேனாம். இல்லன்னு சொன்னா என் மூஞ்சி எப்படிப் போகும்னு அவளுக்குத் தெரியும், அதனால தட்டிட்டா. ஒரு தடவை தட்டினப்புறம் அடுத்த தடவை தட்டாம இருந்தா ஏன்னு நான் கேப்பேன். அதனால மறுபடியும் தட்டினா. ஊமை கண்ட கனவு மாதிரி யார்கிட்டயும் சொல்லாம வச்சிக்கினே இருந்துட்டா.

எனக்கு அப்போதான் பயம் புடிச்சிச்சு. அவ ஓடிப் போயிடுவான்ற பயம் இல்ல. பதினோரு வருஷம் கழிச்சி ஒரு நாள் வாயைத் தொறந்து உண்மையைச் சொன்னா, அதுக்கு நான் குடுத்த கூலி அந்தக் கேள்வி. இனிமே இவ என்கிட்ட எதையாவது உண்மையா சொல்லுவாளா? பக்கத்துல உட்காந்திருக்கா, தோள் உரசுது, ஆனா உள்ள இன்னா இருக்குதுன்னு இனிமே எனக்குத் தெரியவே தெரியாதோ? அந்தப் பயத்துலயாவது நேரா போயி மன்னிப்பு கேட்டிருக்கணும். நான் இன்னா செஞ்சேன் தெரியுமா? பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜுக்கு மாசம் ஒரு தடவை வர்ற வைத்தியரைப் பாக்கப் போனேன். கொறை என்கிட்டதான், எனக்குத்தான் சக்தி பத்தலன்னு முடிவு பண்ணிட்டேன். அங்க பெஞ்சுல எங்க தெரு வேலாயுதம் பேப்பரைத் தலைகீழா புடிச்சி மூஞ்சியை மறைச்சிக்கினு உட்காந்திருந்தான். நானும் அவனைப் பாக்கல, அவனும் என்னைப் பாக்கல. வைத்தியர் நாடியைப் புடிச்சிப் பாத்துட்டு வாலிபத்துல செஞ்ச தப்புன்னாரு. குதிரைப் படம் போட்ட ஒரு டப்பா லேகியத்தைக் குடுத்தாரு.

அதைக் கொண்டாந்து தறிக்கு அடியில கால் விட்டுக்கிற குழியில ஒளிச்சி வச்சேன். மறுநாள் குழியைப் பெருக்கறேன்னு இறங்கினவ எடுத்துட்டா. டப்பாவுல எழுதியிருந்ததை ஒவ்வொரு எழுத்தா படிச்சா. படிச்சிட்டு சிரிச்சா பாருங்க, ஒம்போது நாள்ல அவ மூஞ்சியில நான் பாத்த மொத சிரிப்பு அதுதான். சிரிச்சிக்கினே இருந்தவ அப்படியே அழுதுட்டா.

"யோவ், உனக்கு இன்னா கொறைன்னு இதை வாங்கினு வந்த?"

"உனக்கு வரல இல்ல, அதுக்குத்தான்."

"இது என் உடம்பு. அந்தக் குதிரைக்கு இன்னா தெரியும்?"

யோவ்னு கூப்பிட்டுட்டா. குழியில காலைத் தொங்க விட்டு உட்காந்து, அவ ரெண்டு கையையும் புடிச்சிக்கினு, நான் அன்னைக்குக் கேட்டது அசிங்கம், மன்னிச்சிடுன்னு சொன்னேன். ஜென்மத்துல நான் ஒருத்தர்கிட்ட மன்னிப்பு கேட்டது அதுதான் மொத தடவை. உடனே ஒண்ணும் மன்னிக்கல அவ. டாக்டர்கிட்ட போலாம், நீயும் வரணும், வெளியில நின்னு பீடி புடிக்கக் கூடாதுன்னா.

எங்க பொண்ணு நதியா பொறந்தது வாலாஜாபாத்துல ஒரு சின்ன கிளினிக்குல. டாக்டர் பிரியதர்ஷினின்னு பேரு. பஸ்ஸைப் புடிச்சி ரெண்டு பேரும் போனோம். மொதல்ல அவளை மட்டும் உள்ள கூப்பிட்டாங்க, முக்கால் மணி நேரம் ஆச்சு. வலி இருக்குதா, பிரசவத்துல தையல் போட்ட எடம் நல்லா ஆறிச்சா, இன்னா மாத்திரை சாப்பிடுற, தைராய்டு சர்க்கரை உண்டா, சின்ன வயசுல யாராவது தப்பா நடந்துக்கினாங்களா, வீட்டுல புருஷனுக்குப் பயந்துக்கினு இருக்கியான்னு ஒவ்வொண்ணா கேட்டாங்களாம். மனசு சரியில்லன்னு குடுக்கிற சில மாத்திரையால கூட இப்படி ஆகுமாம், அப்படி இருந்தா மாத்திரை குடுத்த டாக்டர்கிட்ட சொல்லி மாத்திக்கலாமாம். ரத்தம் எடுத்துப் பாத்தாங்க, எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு.

கடைசியா, உனக்கு எங்க தொட்டா பிடிக்கும்னு கேட்டிருக்காங்க. சுகாசினிக்குப் பதில் தெரியல. அவ பெரிய மனுஷி ஆனப்போ, அங்கெல்லாம் கை வச்சா ஆகாதுன்னு அவங்கம்மா சொல்லியிருக்காங்க. இவ அதை அப்படியே புடிச்சிக்கினா. குளிக்கும்போது சொம்புல தண்ணி ஊத்துறதோட சரி. முப்பத்திமூணு வயசு, ஒரு புள்ளையைப் பெத்தவ, தன் உடம்பைத் தானே பாத்ததில்ல. எனக்கு அதைக் கேட்டப்போ அவமேல அப்படி ஒரு பாசம் வந்துச்சு, சொல்லத் தெரியல.

அப்புறம் என்னைக் கூப்பிட்டாங்க. மேசை மேல ஒரு படம் விரிச்சி வச்சிருந்தாங்க. நான் கண்ணை எங்க வைக்கிறதுன்னு தெரியாம சுவத்துல இருந்த போலியோ நோட்டீஸைப் படிச்சேன். டாக்டரம்மா விடல, பேனாவால தொட்டுக் காட்டினாங்க. மேல்பக்கம் பயறு அளவுல ஒரு மொட்டு இருக்குது, கிளிட்டோரிஸ்னு பேரு, வெளிய தெரியறது கொஞ்சம், உள்ள இன்னும் பெருசா இருக்குது, பொம்பளைக்கு சொகம் பெரும்பாலும் அங்கேர்ந்துதான் வருதுன்னாங்க. உள்ள சேர்றதால மட்டும் பொம்பளைங்கள்ல பாதிப் பேருக்கு மேல உச்சம் வராது, அது சக்தி இல்லாததால இல்ல, எங்க தொடணும்னு தெரியாததாலன்னாங்க. அவசரமும் பயமும் இருந்தா சுத்தமா வராது. இருபது நிமிஷம், அரை மணி கூட ஆகலாம்னாங்க. நான் எங்க வீட்டு நிமிஷத்தை மனசுல போட்டுப் பாத்துட்டுத் தலையைக் குனிஞ்சிக்கினேன். லேகியத்துல இன்னா கலந்திருக்குமோ, தொடாதீங்கன்னும் சொன்னாங்க.

"இதுக்கு என்கிட்ட மாத்திரை இல்லப்பா. நேரமும் தாழ்ப்பாளும் உங்க வீட்டுலதான் கெடைக்கணும்"னாங்க.

வீட்டுப்பாடம் குடுத்தாங்க. மொதல்ல அவ தனியா, கண்ணாடி வச்சித் தன்னைப் பாக்கணும், தொட்டுப் பாக்கணும், எது பிடிக்குதுன்னு தெரிஞ்சிக்கணும். ரெண்டு பேரும் ஒண்ணரை மாசத்துக்குச் சேரவே கூடாது, தொடறதோட நிறுத்திக்கணும், அதுவும் எதையும் எதிர்பாக்காம. அப்புறம் மூத்திரத்தை அடக்குற மாதிரி கீழே இறுக்கி இறுக்கி விடுற ஒரு பயிற்சி. அதை அவ தறியில உட்காந்துக்கினே செய்வா. பாட்டு பாதியில நிக்கும், நான் ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுவேன், முழங்கையால ஒரு இடி விழும்.

தச்சன் ஜான்சனைக் கூப்பிட்டு நடு ரூமுக்குக் கதவு போட்டேன், தாழ்ப்பாளோட. பதினோரு வருஷமா இல்லாத கதவு இப்ப எதுக்குன்னு அம்மா கேட்டாங்க. சுகாசினிதான் பல்லி வருதுன்னா. கதவு போட்டா பல்லி வராதான்னு அம்மா அவளை ஒரு நிமிஷம் பாத்தாங்க. மறுநாளுலேர்ந்து மத்தியானம் சாப்பிட்டதும் பக்கத்து வீட்டுக்கு சீரியல் பாக்கப் போயிடுவாங்க, நதியா ஸ்கூல் விட்டு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் திரும்புவாங்க. எங்க வீட்டுலயே டிவி இருக்குது.

எல்லாம் சுளுவா நடந்துடல. கண்ணாடியை எடுக்கவே அவளுக்கு மூணு வாரம் ஆச்சு. செவ்வாய் ஆகாது, வெள்ளி ஆகாது, அமாவாசை ஆகாதுன்னு நாளைத் தள்ளிக்கினே போனா. நானும் லேசுப்பட்டவன் இல்ல. தொடறதுன்னா தொட்டுக்கினு சும்மா இருக்க எனக்குத் தெரியாது, வருதா வருதான்னு நச்சரிப்பேன். ஒரு நாள் எழுந்து உட்காந்து தலையை முடிஞ்சிக்கினா. நீ கேக்கும்போதே போயிடுதுய்யான்னா. அன்னையிலேர்ந்து வாயை மூடக் கத்துக்கினேன். நெசவை விட கஷ்டமான வேலை அது.

கார்த்திகையில ஒரு நாள் நான் தறியில இருக்கேன், கதவைத் தொறந்துக்கினு வந்து பக்கத்துல உட்காந்தா. மூஞ்சியெல்லாம் செவந்து போயிருந்துச்சு. தனியா இருந்தப்போ வந்துச்சுன்னு காதுல சொன்னா. எனக்கு சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது, கொஞ்சம் பொறாமையும் வந்துச்சு. நான் இல்லாமலான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். அதுக்கப்புறம் என் கையைப் புடிச்சி, இங்க, இவ்ளோ மெதுவான்னு அவளே காட்டினா. பலகை அடிக்கிற கைதானே, பதம் தெரியல. இது தறி இல்லய்யான்னு சிரிப்பா.

தை மாசம் ஒரு மத்தியானம். டாக்டர் சொன்ன கெடு முடிஞ்சி நாங்க சேர ஆரம்பிச்சிருந்தோம். அவசரமே படாமத்தான் இருந்தோம். ஆனா பழைய புத்தி போகுமா, ரொம்ப நேரம் ஆனதும் அவ மூஞ்சியைப் பாத்துட்டேன் போல. முதுகுல ரெண்டு தட்டு விழுந்துச்சு. எனக்கு நெஞ்சு நெறைஞ்சி போச்சு. ஆனா தட்டின கையை அவ எடுக்கல. அப்படியே முதுகு மேலயே வச்சிருந்தா.

"இல்லய்யா. பொய்யா தட்டிட்டேன். உன் மூஞ்சியைப் பாத்தா பாவமா இருந்துச்சு. எனக்கு வரல."

என் கோவத்துக்கு அன்னைக்கு இன்னா ஆச்சுன்னு தெரியல, வரவேயில்ல. எனக்கு அழுகைதான் வந்துச்சு. வரலன்னு தன் வாயால சொல்லிட்டா. நான் கத்துவேன்னு பயப்படாம, என் மூஞ்சி தொங்கிடும்னு கவலைப்படாம, என்கிட்டயே சொல்லிட்டா. ஆவணியிலேர்ந்து நான் எதுக்குப் பயந்துக்கினு இருந்தேனோ அந்தப் பயம் அன்னைக்குப் போச்சு. வரலன்னா வரல, நாளைக்குப் பாத்துக்கலாம், இல்லன்னா அப்புறம் பாத்துக்கலாம்னேன். அவ என் தலையைத் தன் தோள் மேல வச்சிக்கினா. அப்புறம் ரெண்டு பேரும் டீ போட்டுக் குடிச்சோம்.

அதுக்கப்புறம் நான் எதையும் எண்ணல. மாசியில ஒரு வியாழக்கிழமை, அம்மா சீரியலுக்குப் போயிட்டாங்க, தெருவுல எல்லாத் தறியும் ஓடிக்கினு இருக்குது. அவ சொன்ன எடத்துல, அவ சொன்ன வேகத்துல என் கை. அவ மூச்சு மாறிச்சு. என் மணிக்கட்டைப் புடிச்ச புடி இறுகிக்கினே போச்சு, அவ தொண்டையிலேர்ந்து நான் இது வரைக்கும் கேக்காத ஒரு சத்தம் வந்துச்சு. அப்புறம் உடம்பெல்லாம் தளர்ந்து கண்ணை மூடிக்கினு கெடந்தா. நான் பழக்கதோஷத்துல முதுகுல தட்டு விழும்னு காத்துக்கினு இருந்தேன். விழல. சரி, இன்னைக்கும் இல்ல போல, பரவாயில்லன்னு நெனச்சிக்கினு அவளைப் பாத்தேன். சிரிச்சிக்கினு இருந்தா, கண்ணு ஓரத்துல தண்ணி.

ஏன் தட்டலன்னு கேட்டேன்.

"மறந்துட்டேன்யா"ன்னா.